கொற்றலைக் கரை – 11: கூப்பிட்ட குரலுக்கு எழும் கல் ஆட்கள்

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது. அது மந்திரமும் அல்ல, அரசாணையும் அல்ல. விற்பனை ரசீது. ஏறத்தாழ 2,900 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில், அமுன் கோயிலைச் சேர்ந்த ஒரு கைவினைத் தலைவர் ஒரு பூசாரிக்கு எழுதிக் கொடுத்தது. பூசாரியின் தந்தை இறந்துவிட்டார். தந்தையின் கல்லறையில் வைப்பதற்காக மகன் 401 சிறு உருவங்கள் வாங்கியிருக்கிறார். விலையை வெள்ளியாகப் பெற்றுக்கொண்டேன், எனக்கு முழுத் திருப்தி என்று செய்தவர் ஒப்புக்கொள்கிறார். அதன்பின் அவர் பேச்சு வாங்கியவரை விட்டு அந்த உருவங்களின் பக்கம் திரும்புகிறது. உங்களுக்கு உரியதைக் கொடுத்தாகிவிட்டது, இனி அந்தப் பெரியவருக்காகப் போய் வேலை செய்யுங்கள் என்ற பொருளில் அவற்றுக்குக் கட்டளை இடுகிறார். ஆண் அடிமைகள், பெண் அடிமைகள் என்றே அந்த ஏடு அவற்றைக் குறிக்கிறது.

401 என்ற கணக்கு ஆண்டுக் கணக்கிலிருந்து வந்தது. நாளுக்கு ஒரு ஆள் வீதம் 365. பத்து ஆளுக்கு ஒரு மேஸ்திரி வீதம் 36. மேஸ்திரி உருவத்தைப் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்ளலாம். மற்றவர்கள் துணி சுற்றிய பிணத்தின் வடிவில், கைகளை மார்பில் மடக்கி, மண்வெட்டியும் விதைப்பையும் வைத்திருப்பார்கள். மேஸ்திரி மட்டும் உயிரோடிருப்பவரைப் போல் இடுப்பில் துணி உடுத்திக் கையில் சாட்டை பிடித்திருப்பார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குள் காலை ஷிப்டுக்கு ஆள் இறங்கும் நேரத்தில் வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை.

சென்ற அத்தியாயங்களில் கொற்றலை ஆற்றின் கரையில், அத்திரம்பாக்கத்துக் கற்கோடரிகளோடு நெடுநாள் இருந்துவிட்டோம். 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் கற்களைக் கொத்திய கைகள் யாருடையவை என்று காட்ட ஒரு எலும்புத் துண்டும் அங்கே கிடைத்ததில்லை. இந்த வட்டாரத்தில் இறந்தவர்களை நாம் முதன்முதலில் நேருக்கு நேர் சந்திப்பது இரும்புக் காலத்தில்தான், தாழிகளில். அந்தத் தாழிகளைத் திறக்கும் முன் எகிப்துக்குப் போய் வருவது அவசியம் என்று எனக்குத் தோன்றியது. தாழிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் போலவே என்ன இல்லை என்பதும் பேசும். இல்லாததைக் காண அது நிறைந்திருக்கும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும்.

உஷப்தி என்று பெயர் பெற்ற அந்த உருவங்கள் ஏன் தேவைப்பட்டன? நைல் ஆண்டுதோறும் பெருகி வயல்களை மூடி வடியும். வடிந்த பிறகு வரப்பும் கரையும் மறுபடி போட வேண்டும். வாய்க்காலில் படிந்த வண்டலை அள்ள வேண்டும். இதற்கு அரசு ஆள் கூப்பிடும். கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். வசதி உள்ளவர்கள் தமக்குப் பதில் வேறொருவரை அனுப்புவார்கள். செத்த பிறகும் இந்தக் கடமை தீராது என்று எகிப்தியர் நம்பினர். மறுமையில் ஒசிரிஸ் தெய்வத்தின் ஆட்சியில் செழிப்பான நாணல் வயல்கள் உண்டு. அங்கும் உழ வேண்டும், கரை நிலத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டும், கிழக்கிலிருந்து மேற்கே மணல் சுமக்க வேண்டும். இந்த மூன்று வேலைகளுக்கும் இறந்தவரின் பெயரைச் சொல்லி அழைப்பு வரும்போது, அவருக்குப் பதிலாக உருவம் எழுந்து ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். அதற்கான வாசகம் இறந்தோர் நூல் என்று இன்று வழங்கும் தொகுப்பின் ஆறாவது அத்தியாயம். உருவத்தின் உடலில் இடுப்பிலிருந்து கால் வரை வரிவரியாக அதையே செதுக்கினார்கள்.

நம் வாசகர்களுக்கு இது தொலைதூரத்துச் செய்தியாக இருக்கக் கூடாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்று கூலியில்லாக் கட்டாய உழைப்பு வருகிறது. ஏரிக்கரை உடைந்தால் ஊர் திரண்டு அடைக்கும் குடிமராமத்து நம் வழக்கம். அதைப் பிரிட்டிஷார் 1858-ஆம் ஆண்டின் முதல் சட்டமாக, கட்டாய உழைப்புச் சட்டம் என்ற பெயரிலேயே சென்னை மாகாணத்தில் எழுதி வைத்தார்கள். ஏரிகளால் ஆன திருவள்ளூர் மாவட்டத்தில், வெள்ளத்துக்கும் கரைக்கும் மண்வெட்டிக்கும் உள்ள உறவு எல்லாருக்கும் தெரிந்ததே. அந்த வேலையைச் சாவுக்கு அப்பாலும் நீட்டிப் பார்த்தவர்கள் எகிப்தியர்.

தொடக்கத்தில் கல்லறைக்குள் வைத்தவை வேறு வகையானவை. பழைய அரசுக் காலத்தில் மாவரைக்கும் பெண், பீர் வடிக்கும் ஆள் என்று கல்லில் செதுக்கிய வேலையாட்கள். பிறகு மரத்தால் முழு வீடும் தோட்டமும் தொழிற்கூடமும் செய்து வைத்தார்கள். மெகெத்ரே என்ற உயர் அதிகாரியின் கல்லறையில் 1920-இல் ஹெர்பர்ட் வின்லாக் கண்டெடுத்த மர மாதிரிகளில் தானியக் களஞ்சியம் இருக்கிறது, கணக்கப்பிள்ளைகள் உட்கார்ந்து எழுதுகிறார்கள், மாட்டைக் கணக்கெடுக்கிறார்கள், படகு ஓட்டுகிறார்கள். உஷப்தி இவற்றிலிருந்து வேறுபட்டது. அது வேலையாளின் உருவம் மட்டும் அல்ல, இறந்தவரின் பதிலாளும்கூட. அதனால்தான் ஆரம்ப காலத்தில் ஒருவருக்கு ஒன்றோ இரண்டோ போதுமாக இருந்தது. அவர் பெயரைத் தாங்கி, அவர் முகத்தோடு, பிணத்தின் வடிவிலேயே அதைச் செய்தார்கள்.

அந்த ஒன்று இரண்டு செய்த காலத்து வேலையைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன். சுண்ணாம்புக்கல், கருங்கல், மாவுக்கல், பாம்புத்தோல் நிறத்தில் வரியோடிய பச்சைக் கல், ஒளி ஊடுருவும் வெண்கல் எல்லாவற்றிலும் செதுக்கினார்கள். கல்லில் செய்வதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு சாண் முதல் ஒரு முழம் வரையுள்ள உருவத்தில் விரல், காது, தலைமயிர்ப் பின்னல், அதன்மேல் எழுத்து, அத்தனையும் வர வேண்டும். மெல்லிய கழுத்தில் உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் தலை துண்டாகிவிடும். ஆகவே தலைமேல் கனத்த முடிச்சரத்தைத் தோள்வரை இறக்கிக் கழுத்தை அதற்குள் ஒளித்தார்கள். கைகளை உடலிலிருந்து பிரிக்காமல் ஒட்டியே வைத்தார்கள். கால்களைத் துணிச்சுற்றுக்குள் ஒன்றாக்கினார்கள். பிணத்தின் வடிவம் சமய நம்பிக்கைக்குப் பொருந்தியது. அதே வடிவம் கல்தச்சரின் உளிக்கும் வசதியாக இருந்தது. இப்படி நம்பிக்கையும் கைவினையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் இடத்தில்தான் ஒரு வடிவம் இரண்டாயிரம் ஆண்டு நிலைக்கிறது.

செதுக்கியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் தெரியும். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து தீட்டிய தொழிலாளருக்கென்றே தீப்ஸின் மேற்குக் கரையில் ஓர் ஊர் இருந்தது. இன்றைய பெயர் டெய்ர் எல் மெதினா. அங்கே வாழ்ந்த சென்னெஜம் என்ற கைவினைஞரின் கல்லறை 1886-இல் யாரும் கை வைக்காத நிலையில் கிடைத்தது. உள்ளே வண்ணம் தீட்டிய சுண்ணாம்புக்கல் உஷப்திகள் இருந்தன. சுவரில் ஓர் ஓவியம்: சென்னெஜமும் மனைவியும் வெள்ளைத் துணி உடுத்தி மறுமை வயலில் தாங்களே உழுகிறார்கள், தாங்களே கதிர் அறுக்கிறார்கள். பதிலாள் கையருகே இருக்க, சுவரில் கணவனும் மனைவியும் ஏன் உழைக்கிறார்கள்? அறிஞர்கள் பல விளக்கம் தருவார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: காலமெல்லாம் கையால் பிழைத்த மனிதருக்கு நல்ல விளைச்சலில் தானே இறங்கி அறுப்பது தண்டனையாகத் தெரிந்திருக்காது. கூப்பிட்டு வாங்கும் வேலைதான் கசந்திருக்கும்.

அதே ஊர்க்காரர்கள்தான், மூன்றாம் ராமெசெஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1157-ஐ ஒட்டி, கூலித் தானியம் வராமல் நாள் தள்ளிக்கொண்டே போனதால் கருவிகளை வைத்துவிட்டு வெளியேறிக் கோயில் மதிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். பசிக்கிறது என்று சொன்னார்கள். எழுத்தில் பதிவான உலகின் முதல் வேலைநிறுத்தம் இது. அதைப் பதிவு செய்த ஏடு இத்தாலியின் டூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மன்னனின் கல்லறைக்கு ஓயாமல் வேலை செய்யும் கல் ஆட்களைச் செய்து கொடுத்த ஊர், தான் ஓய்ந்து உட்கார்ந்து காட்டியது. இந்தத் தொடரைத் தொழிற்பேட்டை வட்டாரத்தில் படிப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் இதை விட்டுவிட மனம் வரவில்லை.

பிறகு எண்ணிக்கை பெருகியது. 1922-இல் ஹாவர்ட் கார்ட்டர் திறந்த துத்தன்காமன் கல்லறையில் 413 உருவங்கள்: நாளுக்கு ஒன்றாக 365, பத்துப் பேருக்கு ஒன்றாக 36, மாதத்துக்கு ஒன்றாக 12. அவற்றுக்கென்று குட்டிக் குட்டியாக 1,866 கருவிகளும் இருந்தன. நைல் வழியே தெற்கே, இன்றைய சூடானின் நூரியில், எகிப்தை ஆண்ட குஷ் நாட்டு மன்னர் தஹர்க்காவின் பிரமிடை 1917-இல் ஜார்ஜ் ரைஸ்னர் அகழ்ந்தபோது 1,070 உருவங்கள் வெளிவந்தன. அத்தனையும் கல். தஹர்க்கா இறந்தது கி.மு. 664. எகிப்தில் அப்போது பளபளக்கும் நீலப் பீங்கானில் அச்சு வைத்து மலிவாக வார்ப்பது வழக்கமாகியிருந்தது. தெற்கத்தி மன்னர் பழைய முறைக்குத் திரும்பி ஆயிரத்துக்கு மேல் கல்லிலேயே செதுக்கச் சொன்னார். கிரேக்க வம்சத்துத் தாலமிகள் ஆண்ட காலத்தில் வழக்கம் தேய்ந்து மறைந்தது.

இனி நம் கரைக்கு வருவோம். வருவதற்கு வழியும் உண்டு. இரண்டாம் ராமெசெஸின் பதப்படுத்திய உடலில் மூக்குத் துளைகளில் மிளகு இருந்தது. மிளகுக் கொடி அன்று விளைந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம். பிற்காலத்தில், செங்கடல் கரைத் துறைமுகமான பெரெனிகேயில் ஒரு கோயில் முற்றத்தில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. தமிழ்ப் பெயர் கீறிய பானை ஓடுகள் அங்கும் குசைர் அல் காதிமிலும் கிடைத்திருக்கின்றன. பொருள் போய் வந்தது, ஆட்களும் போய் வந்தார்கள். ஆனால் இறந்தவரோடு என்ன அனுப்புவது என்ற கேள்விக்கு இரு நாட்டாரும் தனித்தனியே விடை கண்டார்கள்.

காலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டெய்ர் எல் மெதினாவின் தொழிலாளர்கள் கூலித் தானியத்துக்காக உட்கார்ந்தது கி.மு. 1157 அளவில். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே தானியம் இல்லையென்று உயிரோடிருப்பவர்கள் போராடிய அதே தலைமுறையில், இங்கே இறந்தவருக்குத் தானியம் அளந்து வைத்திருக்கிறார்கள்.

கொற்றலை வட்டாரத்திலும் தாழிகள் உண்டு. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அமிர்தமங்கலத்தில், அது செங்கற்பட்டு மாவட்டமாக இருந்த 1955-இல், இந்தியத் தொல்லியல் துறையின் என்.ஆர். பானர்ஜி அகழ்ந்தார். தாழிப் புதைவிடம் அது. அறிக்கை துறையின் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் 1966-இல் வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் தெற்கே சானூரிலும் அவர் ஏற்கெனவே அகழ்ந்திருந்தார். குன்னத்தூரில் வி.டி. கிருஷ்ணசாமி கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளை எடுத்தார். பல்லாவரத்தில் அப்படிப்பட்ட பேழைகளை அலெக்சாண்டர் ரீ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எடுத்துவிட்டார். சென்னையைச் சுற்றி நாலு பக்கமும், செம்பூராங்கல் சரளை எங்கெங்கு மேட்டில் தெரிகிறதோ அங்கெல்லாம் இந்தப் புதைகுழிகள் இருந்தன என்று சொல்லிவிடலாம். ஏரிப் பாசனத்துக்கு ஆகாத மேட்டு நிலத்தை இறந்தவர்களுக்கு விட்டார்கள். வயலைத் தொடவில்லை. அந்த மேடுகளைத்தான் பிற்காலத்தில் நாம் சரளைக்கும் கல்லுக்கும் மனைப் பிரிவுக்கும் வெட்டினோம். கூடவே எத்தனையோ கல்வட்டங்கள் யாரும் வரைந்து வைக்கும் முன்பே லாரியில் ஏறிவிட்டன. இதை எழுதும்போது கோபம் வருகிறது. கும்மிடிப்பூண்டியும் தேர்வாய்க் கண்டிகையும் வளரட்டும். மண் வெட்டும் முன் ஒரு நாள் தொல்லியல் துறையினர் நடந்து பார்ப்பதால் எந்த ஆலையும் நின்றுவிடாது.

வழக்கமான முறை இப்படி: சரளையில் குழி வெட்டுவார்கள். பெரும்பாலும் உடலை முதலில் வேறிடத்தில் விட்டு, பிறகு எலும்புகளைப் பொறுக்கித் தாழியில் இடுவார்கள். உள்ளேயும் சுற்றிலும் கருப்பு சிவப்புப் பானைகள், கிண்ணங்கள், பிரிமனைகள். மேலே மூடி. அதன்மேல் கற்குவை, சுற்றிப் பெருங்கற்களால் வட்டம். ஊர் மக்கள் இவற்றைப் பாண்டவர் குழி என்றும் வாலியர் வீடு என்றும் சொல்லிக் கதை வைத்திருப்பார்கள்.

பானைகளுக்கு நடுவே இரும்பு வரும். கத்தி, ஈட்டி, அரிவாள், உளி, கோடரி, மண்வெட்டி. ஆதிச்சநல்லூரில் 1899-இலிருந்து சில ஆண்டுகள் அகழ்ந்த ரீ ஒன்றைக் குறித்துவைத்தார்: இரும்பு ஆயுதங்களும் கருவிகளும் முனை கீழ்நோக்கியே கிடந்தன. துக்கத்துக்கு வந்தவர்கள் குழியைச் சுற்றி நின்று ஒவ்வொருவராகக் குத்தி வைத்ததுபோல் அவருக்குத் தோன்றியது. பானைகளில் நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்தன. ஆட்களின் உருவம் இல்லை. அங்கே கிடைத்த சிறிய வெண்கலப் பெண் உருவத்தைத் தாய்த் தெய்வம் என்பார்கள். யாருடைய வயலிலும் வேலை செய்ய வந்தவள் அல்ல அவள். 2004-இல் சத்தியமூர்த்தி தலைமையில் தொல்லியல் துறை மறுபடி அகழ்ந்தபோது, ஒரு பானை ஓட்டில் ஒட்டுருவமாக ஒரு பெண்ணும் நாரையும் மானும் வெளிவந்தன. அதிலும் ஏவலாள் இல்லை.

ஆக, எகிப்தியர் துத்தன்காமனுக்குக் கருவியையும் கொடுத்து, கருவியைப் பிடிக்க ஆளையும் கொடுத்தார்கள். நம்மவர் கருவியை மட்டும் கொடுத்தார்கள். அதுவும் பொம்மைக் கருவி அல்ல, உண்மையான இரும்பு. இரும்பு அன்று மலிவானது அல்ல. கொல்லன் உலையில் எத்தனை நாள் உழைப்பு! அதை மண்ணில் விட்டுப் போக மனம் வந்திருக்கிறது. பிடிக்க வேண்டிய கை இறந்தவருடையதே என்று நினைத்திருக்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இங்கே பெரும் அரசு இல்லை, நைல் போல ஒரே ஆற்றை நம்பி ஒரே மன்னன் ஆள் கூப்பிடும் ஏற்பாடு இல்லை. சிறு குடிகள், சிறு தலைவர்கள். உயிரோடிருக்கும்போது கேட்காத அழைப்பு செத்த பிறகும் கேட்காது. வெட்டியும் அமஞ்சியும் கல்வெட்டில் ஏறிய சோழர் காலத்தில் தாழியில் இடும் வழக்கமே மறைந்துவிட்டிருந்தது.

இறந்தவரோடு துணைக்குப் போவது யார் என்ற கேள்வி மட்டும் இங்கும் இருந்தது. அதற்குச் சங்கப் பாடல்கள் சாட்சி. புறநானூற்றின் 256-ஆம் பாட்டில் கணவனை இழந்தவள் குயவனிடம் பேசுகிறாள். தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையச் சொல்கிறாள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, நேரில் பார்த்தே இராத நண்பர் பிசிராந்தையாருக்கு இடம் விட்டுவைக்கச் சொன்னான். அவரும் வந்து சேர்ந்தார். பின்னால் வந்த பொத்தியார், நடுகல்லாகிவிட்ட சோழனிடமே தனக்கு இடம் கேட்டார். மனைவி, நண்பன், புலவன். தாங்களாகக் கேட்டு வந்தவர்கள். இதில் சோகமும் இருக்கிறது, அந்தப் பெண்ணின் நிலையில் நியாயமின்மையும் இருக்கிறது. ஆனால் வெள்ளி கொடுத்து வாங்கிய ஆள் யாரும் இல்லை.

கல்லில் மனித வடிவம் செய்து சாவோடு சேர்ப்பது இங்கே இல்லவே இல்லையா என்றால், இருந்தது. வைத்த இடம்தான் வேறு. திருவண்ணாமலை மாவட்டம் மோட்டூரில் கல்வட்டத்தோடு சேர்ந்து ஒரு பெரும் பலகைக்கல் ஆளுக்கு மேல் உயரமாக நிற்கிறது. தலைக்கு ஓர் அரைவட்டம், இரு பக்கமும் விரிந்த தோள்கள், கீழே உடல். கண் இல்லை, வாய் இல்லை, எழுத்து இல்லை. விழுப்புரம் பக்கம் உடையார்நத்தத்தில் இன்னொன்று. ஊரார் அதை விசிறிப் பாறை என்கிறார்கள். திருவள்ளூருக்கு மேற்கே, சித்தூர்ப் பகுதியில் மிடிமல்லாவிலும் இவ்வகை உருவம் உண்டு. மழை வெயிலில், வருகிறவர் போகிறவர் பார்க்க நிற்பவை இவை. உஷப்தியைக் கல்லறை மூடிய பிறகு யாரும் பார்க்கக் கூடாது. அது இறந்தவருக்காக இருட்டில் காத்திருக்க வேண்டியது. மோட்டூர்க் கல் உயிரோடிருப்பவர்களுக்காக நிற்கிறது. அது இறந்தவரா, மூதாதையா, தெய்வமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மூதாதை என்ற பக்கம்தான் நான் சாய்வேன். பின்னால் நடுகல்லில் வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் வீரன் அதே இடத்துக்கு, அதாவது வெளிச்சத்துக்கு, வந்தவன்.

ஒரே ஒரு விலக்கு நீலகிரி. அங்கே மலை முகடுகளில் இருந்த கற்குவைகளை நீலகிரியின் முதல் ஆணையர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் 1870-களின் தொடக்கத்தில் திறந்தார். ஈமக் கலங்களின் மூடிமேல் சுடுமண் உருவங்கள்: எருமை, குதிரை, யானை, ஆண்கள், பெண்கள். அவர் இறந்த பிறகு 1873-இல் மனைவி அவர் நூலை வெளியிட்டார். அந்த உருவங்களில் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் உஷப்திக்கு உருவில் நெருங்கிய உறவு இவைதான். ஆனால் அவற்றின் கையில் மண்வெட்டி தரவில்லை, முதுகில் விதைப்பை ஏற்றவில்லை. எருமைக்குக் கொடுத்த கவனத்தைப் பார்த்தால், போனவர் தன் மந்தையோடும் தன் மனிதரோடும் இருக்கட்டும் என்று நினைத்ததுபோல் இருக்கிறது.

கடைசியாக நம் மாவட்டத்துக்குள்ளேயே, பொன்னேரி தாண்டி ஏரிக்கரையில், பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613 முதல் ஜெல்திரியாக் கோட்டையை வைத்துச் சோழமண்டலக் கரை வணிகத்தை நடத்திய ஊர். அவர்களுடைய 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. நுழைவாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே எகிப்தியர் சூரியனுக்கு எழுப்பிய கூர்நுனித் தூணின் வடிவில் கல்லறைகள் இருக்கின்றன. அந்த வடிவம் எகிப்திலிருந்து ரோமுக்கும், ரோமிலிருந்து ஐரோப்பாவுக்கும், அங்கிருந்து கப்பலேறிப் பழவேற்காட்டுக்கும் வந்தது. எலும்புக்கூடுகள் யாருக்கும் வேலை செய்வதில்லை. உனக்கும் இதுதான் என்று உயிரோடிருப்பவரைப் பார்த்துச் சொல்பவை அவை.

அந்த ஊரில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது கல்லைத் தேடவில்லை. 1622-23-இன் பஞ்சத்திலும் போரிலும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைமுகங்களிலிருந்து டச்சுக் கம்பெனி சுமார் 1,900 பேரை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றியது. பசித்த குடும்பங்கள் பிள்ளைகளை விற்ற காலம் அது. வாங்கியவர்கள் பத்தேவியாவிலும் பிற இடங்களிலும் தங்கள் தோட்டத்துக்கும் கட்டடத்துக்கும் வீட்டுக்கும் ஆளாக அவர்களை வைத்தார்கள். தீர்ப்புச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை: பதிலாள் வேண்டும் என்ற ஆசைக்குக் கல்லையும் களிமண்ணையும் கொடுத்து ஆற்றிய எகிப்தியக் கல்லறை, இந்த வணிகத்தைவிட ஆயிரம் மடங்கு நாகரிகமானது. எகிப்திலும் உயிருள்ள அடிமைகள் இருந்தார்கள், மறக்கவில்லை. முதல் வம்ச மன்னர்களின் கல்லறைகளைச் சுற்றி உண்மையான ஏவலரையே புதைத்திருக்கிறார்கள். அந்தக் கொடுமை முதல் வம்சத்தோடு ஓய்ந்தது. பின்வந்த நூற்றாண்டுகள் உருவங்களை வைக்கக் கற்றுக்கொண்டன.

பூண்டி நீர்த்தேக்கத்துக்கருகே தமிழ்நாடு தொல்லியல் துறை 1985-இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. கொற்றலைக் கரையின் கல் கருவிகளை அங்கே பார்க்கலாம். தாழிகளையும் ஈமப்பேழைகளையும் எழும்பூரில் பார்க்கலாம். போகிறவர்கள் துருப்பிடித்து உருத்தெரியாமல் போன அந்த இரும்புத் துண்டுகளிடம் கொஞ்சம் நின்று பாருங்கள். சிவகளை இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டுபோகும் ஆய்வறிக்கையை 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. அந்தக் கணக்கு நிலைக்குமா, அதன்மேல் எழுந்த கேள்விகள் என்ன, உருக்கு எப்படிச் செய்தார்கள், கொடுமணலின் உலைகள் சொல்வதென்ன என்பதெல்லாம் அடுத்த அத்தியாயத்துக்கு உரியவை.

(தொடரும்)